சம்பு மாற்றுவதற்கு முன்

அம்பாசிடரின் அடியில் கல் பட்டால் முதல் அடி சம்புக்குத்தான். இன்ஜினுக்குக் கீழே வரிசைப் போல்ட்டுகளில் தொங்கும் தகட்டுத் தொட்டி அது. ஓடி வேலை முடித்த ஆயிலெல்லாம் வடிந்து அதில்தான் வந்து சேரும். அங்கிருந்துதான் பம்பு அதை மறுபடி உறிஞ்சிக் கிராங்குக்கும் பேரிங்குகளுக்கும் அனுப்பும். பானட்டைத் திறந்து பார்க்கிறவர் கண்ணில் அது படாது. வண்டியைக் கழுவித் துடைக்கிறவர் கையும் அங்கே போகாது. கொட்டகைத் தரையில் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே வீட்டுக்காரருக்கு நினைவு வருகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்தச் சொட்டு விழக் காரணங்கள் நிறைய. செம்புறாங்கல் பூமி இது. தார் உரிந்த கிராமச் சாலைகளில் சரளை உருண்டு கிடக்கும். கண்மாய்க்கரைப் பாதைகளில் சக்கரத் தடம் இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுத்திட்டு மேடாக நிற்கும். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை இருட்டில் தெரியவே தெரியாது. இராயவரம், கோனாப்பட்டு, குழிபிறை, பனையப்பட்டி, இராமச்சந்திரபுரம் என்று திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களில் பழைய கார்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் ஊர் கூடும்போது மட்டும் வெளியே எடுத்து, மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிறுத்திவைத்தால், சம்பு விளிம்பிலுள்ள கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கிவிடும். ஓடுகிற வண்டிக்குக் கல்லால் வருவது, ஓடாத வண்டிக்கு நின்றே வந்துவிடுகிறது.

வேறு சம்பு வாங்கிப் போட்டுவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எங்கே வாங்குவது? மேற்கு வங்கத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடர் உற்பத்தியை 2014 மே மாதம் நிறுத்திவிட்டது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பியூஜோ குழுமத்துக்குக் கைமாறியது. பெயரை வாங்கியவர்கள் பழைய வண்டிக்குச் சம்பு அடித்துத் தரப்போவதில்லை. ஆகவே சென்னை புதுப்பேட்டையில் கழற்றி அடுக்கிய சாமான்களுக்குள் தேடவேண்டும். இல்லையென்றால் ஊர்ப்பக்கத்தில் எடைக்குப் போகக் காத்திருக்கும் இன்னொரு அம்பாசிடரைப் பார்த்துவைக்கவேண்டும். கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. எது பொருந்தும், பொருந்துவதில் எது நல்லது என்ற கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது.

இந்தக் கேள்வியைத் தலைமுறைகளாக அலசிவருகிறவர்கள் அமெரிக்காவின் ‘மசில் கார்’ பிரியர்கள். 1964-இல் போன்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள ஒரு காரில் 389 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர், வி8 இன்ஜினை வைத்து ஜிடிஓ என்ற பெயரில் விற்றது. அந்தவகைக் கார்களின் பொற்காலம் அடுத்த பத்து வருடம். அம்பாசிடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் 1489 சிசி. அந்த வி8-இல் கால்பங்குகூட வராது. ஆனால் இரண்டுக்கும் கீழே தொங்குவது ஒரே வேலை செய்யும் தகட்டுத் தொட்டிதான். அதைத் தேர்ந்தெடுக்கும்போது வரும் சிக்கலும் ஒன்றேதான்.

ஷெவர்லேயின் ‘ஸ்மால் பிளாக்’ வி8 இன்ஜின் 1955-இல் வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு முப்பது வருடமும் ஒரே இன்ஜின்தான். உள்ளே நடந்த மாற்றங்கள் சம்புக்குத்தான் தெரியும். 1975 வாக்கில் முன்பக்கச் சீலின் தடிமன் மாறியது. 1980 வாக்கில் ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. 1986-இல், அதுவரை இரண்டு துண்டாக இருந்த கிராங்கின் பின்பக்கச் சீல் ஒரே வளையமாக வந்தது. இன்ஜின் பிறந்த வருடம் தெரியாமல் சம்பு வாங்கினால் போல்ட் ஓட்டையெல்லாம் ஒத்துப்போனதுபோலத் தோன்றும். ஓர் ஓரத்தில் மட்டும் நூலளவு இடைவெளி நிற்கும். ஆயில் கசிய நூலளவு போதும்.

ஃபோர்டு கதை இன்னும் தெளிவானது. 1965 மஸ்டாங்கில் இருந்த வி8-க்குச் சம்பின் குழி முன்பக்கம் இருந்தது. அதே குடும்பத்து இன்ஜின் 1979 முதல் 1993 வரை வந்த மஸ்டாங்குகளிலும் இருந்தது. அந்த வண்டியில் குறுக்குச்சட்டம் இன்ஜினுக்கு நடுவில் கீழே போகிறது. அதனால் அதன் சம்புக்கு முன்னும் பின்னுமாக இரண்டு குழி, நடுவில் சட்டம் நுழைய இடம். இன்ஜினில் மாற்றமில்லாதபோதும் வண்டியின் அடிப்பாகம் மாறினால் சம்பும் மாறியாகவேண்டும். இன்ஜின் பெயரை மட்டும் சொல்லிச் சம்பு கேட்கிறவருக்கு நல்ல கடைக்காரர் சாமானை எடுத்துக் காட்டமாட்டார். எந்த வண்டியில் உட்காரப்போகிறது என்று முதலில் கேட்பார்.

பந்தயத்துக்குப் போகிறவர்களின் தேவை வேறு. வண்டி சீறிக் கிளம்பும்போது சம்பிலுள்ள ஆயில் முழுக்கப் பின்பக்கம் ஓடிவிடும். உறிஞ்சும் குழாயின் வாய் முன்பக்கம் இருந்தால் அந்த நேரத்தில் பம்பு காற்றைத்தான் குடிக்கும். சில நொடி காற்றுக் குடித்தால் போதும், பேரிங் அடிவாங்கிவிடும். அதற்காகத்தான் ஆழக்குழி, உள்ளே தடுப்புத் தகடுகள், கிராங்கின் சுழற்சியில் ஆயில் நுரைத்து மேலே ஏறாமலிருக்க ஒரு தட்டு என்று தனிச் சம்புகள் செய்து விற்கிறார்கள். மொரோசோ, மிலோடன், கேன்டன் ஆகியவை அதில் பெயர்பெற்ற நிறுவனங்கள். ஆழம் கூடக்கூட ஆயில் கூடுதலாகக் கொள்ளும், சூடும் சற்றுக் குறையும். ஆனால் தரைக்கும் சம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி அந்த அளவுக்குக் குறைந்துபோகும். பந்தயத் தடத்தில் நடுத்திட்டு கிடையாது. திருமயத்திலிருந்து உள்ளே திரும்பும் பாதையில் உண்டு.

நம் பட்டறைகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-இல். அதற்கு முன்பே மோட்டார் பஸ் வந்துவிட்டது, டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடக்க காலத்தில் பஸ் விட்ட தடங்களில் தஞ்சாவூர்–புதுக்கோட்டைத் தடமும் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது அவருடைய நிறுவனம் கரிவாயுக் கலம் செய்து வண்டிகளில் மாட்டிக்கொடுத்தது. 1950-களில் சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைச் செய்யத் தொடங்கியதும் லாரிகள் பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறின. எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் வண்டியை மாற்றாமல் அதற்குள் இருப்பதை மாற்றுவது இங்கே பழகிப்போன வழி.

அந்த வழியில் வந்ததுதான் மெட்டடார் இன்ஜின் வைத்த அம்பாசிடர். மெட்டடார் வேனுக்காகப் பஜாஜ் டெம்போ நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸின் ஓஎம் 616 டீசல் இன்ஜினை உரிமம் பெற்றுச் செய்தது. 2.4 லிட்டர், கனமான இரும்பு. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாத வாடகைக் கார்க்காரர்கள் அதைத் தங்கள் அம்பாசிடருக்குள் இறக்கினார்கள். வேனில் உட்காருவதற்காகச் செய்த சம்பு காரில் எப்படி உட்காரும்? எங்கேயாவது சட்டத்தில் முட்டும். பட்டறைக்காரர் சம்பை இறக்கி, முட்டும் இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் கோடிட்டு, அறுத்து, குழியை வேறிடத்தில் வைத்துக் காஸ் வெல்டிங் அடித்துத் திரும்ப ஏற்றுவார். அமெரிக்காவில் பழைய ஷெவல் காருக்குள் புதிய லாரி இன்ஜினை வைக்கிறவரும், லாரிச் சம்பு கீழே தொங்குகிறதே என்று இதே கவலைதான் படுகிறார். அவருக்கு அட்டவணை பார்த்து வாங்கத் தயார்ச் சம்பு இருக்கிறது. இவருக்கு இருந்தது ஒரு டார்ச்சும் கண்ணளவும்தான். இந்த வேலைக்கு நம்மிடம் படமோ குறிப்போ இல்லை என்பது பெருங்குறை. கைவேலையாகவே இருந்து, செய்தவரோடு போய்விடுகிறது.

அறுத்து ஒட்டுவதில் வெளியே தெரியாத ஆபத்து இரண்டு. குழியை ஆழம் குறைத்தால் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப வளைத்து ஏற்றவேண்டும். அதை மறந்தால் குழாயின் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னர் தொட்டியின் தரையில் ஒட்டி ஆயில் இழுக்காது. மற்றது டிப்ஸ்டிக். தொட்டியின் வடிவம் மாறிய பிறகும் பழைய கோட்டையே நம்பி ஆயில் ஊற்றினால், அளவு சரியென்று குச்சி சொல்லும். உள்ளே ஒரு லிட்டர் குறைவாக இருக்கும். விவரம் தெரிந்த மிஸ்திரி புதுச் சம்பு மாட்டியதும் ஆயிலை லிட்டர் லிட்டராக அளந்து ஊற்றி, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, குச்சியில் அரத்தால் புதுக்கோடு போடுவார். சம்பு மாற்றியவர்கள் கேட்டு வாங்கவேண்டிய வேலை இது. கேட்காவிட்டால் பல இடங்களில் செய்யமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கவேண்டிய ஒன்று இருக்கிறது. சொட்டுகிற ஆயில் சம்பிலிருந்துதான் வருகிறதா? அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்து ‘பி-சீரிஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தது. 1955-இல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சிசிதான். அந்தப் பழைய மூன்று பேரிங் இன்ஜினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. கிராங்கிலேயே எதிர்த்திசையில் மரை வெட்டியிருப்பார்கள். சுழலும்போது அந்த மரை ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். பிஸ்டன் வளையம் தேய்ந்து இன்ஜினுக்குள் காற்றழுத்தம் கூடினாலும், காற்றுக்குழாய் அடைத்தாலும், அந்த மரை தோற்றுப்போய் ஆயில் கிளட்ச் கூட்டுக்குள் இறங்கும். கூட்டின் அடியில் ஒரு சிறு ஓட்டையும் அதில் ஒரு கொண்டை ஊசியும் இருக்கும். அந்த வழியாகச் சொட்டி, காற்றில் சிதறி, சம்பின் பின்பக்கம் முழுக்க அப்பிக்கொள்ளும். கீழே படுத்துப் பார்க்கிறவருக்குச் சம்பு கசிவது போலவே தெரியும். அதை நம்பிச் சம்பு மாற்றியவர் மறுவாரமே அதே இடத்தில் அதே சொட்டைப் பார்ப்பார். அதனால் வாங்கப் போவதற்கு முன் அடிப்பாகத்தை மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, முதல் ஈரம் எங்கே தோன்றுகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். மேலே டப்பெட் மூடி பேக்கிங்கிலிருந்து வழிந்த ஆயிலும் கடைசியில் சம்பின் தலையில்தான் விடியும்.

சம்புதான் குற்றவாளி என்று உறுதியானால் அதைக் கழற்றிப் பார்க்கலாம். பெரும்பாலும் அது மாற்றவேண்டிய நிலையில் இருக்காது, சரிசெய்துவிடக்கூடியதாகவே இருக்கும். இதற்கான வேலைமுறை நிதானமானது, பார்க்க அழகானது. முதலில் பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, தொட்டியை உள்ளும் புறமும் கழுவவேண்டும். பிறகு வெளிப்புறம் முழுவதும் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிவைக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பூச்சில் எங்காவது ஈரப்புள்ளி ஒன்று விரியும். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை அங்கே இருக்கிறது என்று பொருள். அதை வெளியில் எம்-சீல் அப்பி மூடுவது வழிப்போக்கில் வீடு வந்துசேர உதவும், அதற்குமேல் அதை நம்பக்கூடாது. ஆயில் எச்சம் துளியும் இல்லாமல் துடைத்துப் பித்தளைப் பற்றவைப்பு செய்வதே நிலைக்கும்.

அடுத்தது விளிம்பு. கசிவை நிறுத்துகிறேன் என்று ஒவ்வொருவரும் போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கியிருப்பார்கள். தகடு மெல்லியது. இறுக்க இறுக்க ஓட்டையைச் சுற்றி மேல்நோக்கிக் குவிந்துவிடும். அப்போது பேக்கிங்கை அழுத்துவது ஓட்டை இருக்கும் இடம் மட்டும்தான். இரண்டு ஓட்டைக்கு நடுவில் அழுத்தமே இல்லை. சம்பைத் தட்டையான பலகையில் வைத்து, குண்டுமுனைச் சுத்தியால் ஒவ்வொரு குவிவையும் மெல்லத் தட்டிச் சமன்படுத்தினால், வருடக்கணக்கில் நிற்காத கசிவு நின்றுவிடும். தகட்டுச் சம்புகள் பல இந்த ஒரு வேலையிலேயே பிழைத்துக்கொள்ளக்கூடியவை.

பி-சீரிஸ் சம்புக்குப் பக்கவாட்டுப் பேக்கிங் தவிர, முன்னும் பின்னும் பேரிங் மூடிகளின் வளைவில் உட்காரும் கார்க் பட்டைகள் தனி. நான்கும் சந்திக்கும் மூலைகள்தான் கசியும் இடம். அங்கே மட்டும் பட்டாணியளவு சிலிக்கான் வைத்தால் போதும். பயத்தில் டியூபையே பிதுக்கி விளிம்பு முழுக்கத் தடவுகிறவர்கள் உண்டு. வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். காய்ந்து உதிர்ந்து ஆயிலில் மிதந்து ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். கசிவு நின்ற மகிழ்ச்சியில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஆயில் விளக்கு எரியும்.

சம்பின் தரையில் மேல்நோக்கிப் புடைத்த அடி இருந்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆயில் சொட்டாததால் கேடில்லை என்று விட்டுவிடுவார்கள். உறிஞ்சும் வாய்க்கும் தொட்டியின் தரைக்கும் நடுவே அமெரிக்க வி8-காரர்கள் வைக்கும் கணக்கு கால் அங்குலத்திலிருந்து காலே அரைக்கால் அங்குலம் வரை. அதாவது 6 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டருக்குள். அதற்குக் குறைந்தால் ஆயில் வராது, மிகவும் கூடினால் காற்று கலக்கும். புடைப்பு அந்த இடைவெளியைத் தின்றுவிடும். அளப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஸ்ட்ரெய்னரின் வாயில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, பேக்கிங்குடன் சம்பை ஏற்றி இரண்டு போல்ட் மட்டும் முடுக்கி, திரும்ப இறக்கி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்தால் இடைவெளி கையில் கிடைத்துவிடும். புதுச் சம்பு வாங்கினாலும் பழையதைத் தட்டி எடுத்தாலும் வேறு வண்டியிலிருந்து கழற்றி வந்தாலும் இந்தச் சோதனை இல்லாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்வது அறிவல்ல. சம்பின் விலை சில ஆயிரம். கிராங்கும் பேரிங்கும் போனால் முழு இன்ஜினையும் பிரிக்கவேண்டிவரும்.

இனி உலோகம். அலுமினிய வார்ப்பில் துடுப்புத் துடுப்பாகப் பளபளக்கும் சம்புகளைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. விளிம்பு கோணாது, பேக்கிங் நன்றாக உட்காரும், சூட்டை வெளியே கடத்தும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் கல் பட்டால் தகடு குழியும், வார்ப்பு விரியும். குழிந்த சம்போடு மெதுவாக ஊர் வந்துசேரலாம். விரிந்த சம்பிலிருந்து ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிடும், அந்த இடத்திலேயே வண்டி நின்றாகவேண்டும். வார்ப்பு என்றால் டிராக்டரில் இருப்பதுபோலக் கனமான இரும்பாக இருக்கவேண்டும். டாஃபே நிறுவனத்தின் மாசே பெர்குசன் டிராக்டருக்கு அடிச்சட்டமே கிடையாது. இன்ஜினும் கியர்பெட்டியும்தான் அதன் முதுகெலும்பு. அந்தப் பாரத்தில் பங்கெடுக்கும்படி அதன் சம்பு தடித்த வார்ப்பிரும்பில் இருக்கிறது. ஆலங்குடிப் பக்கத்து வயல்களில் அது கல்லிலும் கட்டியிலும் உரசிக்கொண்டுதான் உழுகிறது. அந்தக் கனத்தைக் காரில் தொங்கவிட முடியாது. ஆகவே இந்த மாவட்டத்துச் சாலையில் ஓடப்போகும் பழைய காருக்கு, அதன் சொந்த ஆழமுள்ள தகட்டுச் சம்பும் அதன் கீழே கல் படாமல் காக்க ஒரு கார்டுமே சரி. கார்டை மாட்டும்போது ஆயில் இறக்கும் நட்டுக்கு நேராக ஓட்டை விடவும், சம்பின் மேல் காற்றுப் படவும் இடம் வைக்கவேண்டும்.

அசல் சாமான்தான் வேண்டுமா என்பதற்கு இப்போது சட்டத்திலும் ஒரு பக்கம் வந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருடம் கடந்து, பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு அது பொருந்தும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். 1970-களின் முற்பகுதியில் பதிவான அம்பாசிடர்கள் வயதளவில் இதற்குள் வந்துவிட்டன. சம்பு மாற்றியதற்காக யாரும் பதிவை மறுக்கப்போவதில்லை; இன்ஜினையே மாற்றிய மெட்டடார் அம்பாசிடர்கள்தான் இந்த வாசலில் நின்றுவிடும். அவையும் பாதுகாக்கத் தகுந்தவையே. தமிழ்நாட்டில் டீசல் விலையும் வாடகை வண்டிப் பிழைப்பும் ஒரு காரை எப்படி மாற்றின என்பதற்கு அந்த அறுத்து ஒட்டிய சம்பைவிட நேரான சாட்சி வேறில்லை. அதைக் கழற்றி எறிந்து அசலைத் தேடுவதைவிட, எந்தப் பட்டறையில் எந்த வருடம் செய்தது என்று எழுதி வண்டிக் காகிதங்களோடு வைப்பது நல்லது.

எடைக்குப் போகும் அம்பாசிடர்களின் எண்ணிக்கை இனி குறையத்தான் செய்யும். இரும்புக்கடையில் தகட்டுக்குக் கிடைக்கும் கிலோ விலையில் ஒரு சம்பின் பங்கு அற்பம். ஆகவே வீட்டில் நிற்கும் பழைய வண்டியை எடைக்குத் தள்ளிவிடப்போகிறவர்கள் ஒரு காரியம் செய்யவேண்டும்: லாரி வருவதற்கு முந்தின நாள் பக்கத்துப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, சம்பையும் ஸ்ட்ரெய்னரையும் டிப்ஸ்டிக்கையும் மூன்றாகப் பிரிக்காமல் ஒரே செட்டாகக் கழற்றி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த வருட வண்டி, எந்த இன்ஜின் என்று ஒரு துண்டுத் தகட்டில் ஆணியால் கீறி அதோடு கட்டிவைக்கச் சொல்லுங்கள்.